கண்ணடிக்கலை பாஸ்... அது டிக்!



போன வாரம் ஹாஸ்டல் மெஸ் பத்தி எழுதினதுக்கு நீங்க அனுப்பின கடிதங்களைப் படிச்சேன். திருநெல்வேலியில இருந்து திருவள்ளூர் வரைக்கும் எல்லா ஹாஸ்டலுக்கும் சாம்பார் ஒரே பைப் லைன்லதான் வருதுங்கிறது கன்ஃபார்ம் ஆயிடுச்சு. அந்த அண்டாவை அப்படியே மூடி வெச்சுட்டு, இந்த வாரம் வேற மேட்டருக்கு வருவோம்.

முதல்ல ஒரு குட்டிப் போட்டி. இந்த வரியில இருந்து, நான் 'போதும்'னு சொல்ற வரைக்கும் கண்ணைச் சிமிட்டாம படிக்கணும். ரெடியா? ஆரம்பத்துல ஈஸியாத்தான் இருக்கும். 'இதெல்லாம் ஒரு போட்டியா?'ன்னு கெத்தா இருப்பீங்க. பத்து செகண்ட்... பதினஞ்சு செகண்ட்... இப்போ கண்ணு ஓரத்துல லேசா எரியுதா? இமை தானா கீழே இறங்கப் பாக்குதா? என்ன படிக்கிறோம்ங்கிறதை விட்டுட்டு, 'இவன் எப்படா போதும்னு சொல்வான்'ங்கிறதுதானே மண்டைக்குள்ள ஓடுது? சரி, போதும். சிமிட்டிக்கோங்க.

'அப்பாடா'ன்னு ஒரு நிம்மதி வந்துச்சுல்ல? அந்த எரிச்சல், அந்த முட்டல், அந்த நிம்மதி... இதை அப்படியே தோளுக்கு மாத்துங்க. கழுத்துக்கு மாத்துங்க. தொண்டைக்கு மாத்துங்க. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவைன்னு வெச்சுக்கோங்க. அவ்ளோதான், என் கதையில பாதி உங்களுக்குப் புரிஞ்சாச்சு.

எனக்கு டூரெட் சிண்ட்ரோம் இருக்கு. வயசு 20. இ.சி.இ. மூணாவது வருஷம். டூரெட்டுல எனக்கு 13 வருஷ சர்வீஸ், இ.சி.இ.ல வெறும் மூணு. ரெண்டுல அரியர் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கிறது டூரெட் மட்டும்தான்!

என் பாடி, என் சவுண்டு

இப்போதைக்கு என் சரக்கு இதுதான். வலது கண்ணை இறுக்கி மூடித் திறப்பேன். இடது தோள் ஒரு தூக்குத் தூக்கும். கழுத்து வெடுக்குனு ஒரு பக்கம் வெட்டும். தொண்டையில 'ம்க்கும்'னு ஒரு செருமல். டென்ஷன் ஏறினா விக்கல் மாதிரி 'ஹுக்'னு ஒரு சத்தம். 'இப்போதைக்கு'ன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்த லிஸ்ட் நிரந்தரம் இல்லை. எட்டாவது படிக்கிறப்போ மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தேன், அது ஒருநாள் சொல்லாம கொள்ளாம போயிடுச்சு. அந்த இடத்துக்குக் கழுத்து வந்துச்சு. போன்ல சாஃப்ட்வேர் அப்டேட் மாதிரி, நம்மளைக் கேக்காமலே இன்ஸ்டால் ஆகும். சில வாரம் அமைதியா இருக்கும், சில வாரம் ஆடி மாசத்துக் கூழ் ஊத்துற மைக் செட்டு மாதிரி நிக்கவே நிக்காது.

ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தேன். எதிர்ல ஒரு ஃபைனல் இயர் அக்கா. வலது கண்ணு அதோட வேலையைக் காட்டிடுச்சு. நேரா நடந்து வந்து, "என்ன தம்பி, கண்ணடிக்கிறியா?"ன்னாங்க. "இல்லக்கா, இது நரம்பு மேட்டர்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னும் நாலு தடவை அடிச்சிருச்சு. அவங்க ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. அப்புறம், "சரி, பஸ் வந்துருச்சு, ஏறு"ன்னாங்க. (அக்கா, எங்க இருந்தாலும் நல்லா இருங்க!)

டிக்னா என்ன?

திடீர்னு, சட்டுனு, திரும்பத் திரும்ப வர்ற அசைவு அல்லது சத்தம். இதுதான் டிக். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், முகத்தைக் கோணுறது எல்லாம் மோட்டார் டிக். செருமல், உறிஞ்சல், முனகல், ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்றது எல்லாம் வோக்கல் டிக். பல மோட்டார் டிக், குறைஞ்சது ஒரு வோக்கல் டிக், ஒரு வருஷத்துக்கு மேல நீடிக்கிறது, 18 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சது... இந்த நாலும் சேர்ந்து, வேற மருந்தோ நோயோ காரணம் இல்லைன்னா, அதுக்குப் பேரு டூரெட் சிண்ட்ரோம்.

பேரு யாருதுன்னா, ஜார்ஜ் ஜில் டி லா டூரெட்னு ஒரு பிரெஞ்சு டாக்டரோடது. பாரீஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில ஷார்க்கோங்கிற பெரிய நரம்பியல் டாக்டர்கிட்ட இருந்தவர். 1885-ல ஒன்பது நோயாளிகளைப் பத்தி எழுதினார். குருநாதர் ஷார்க்கோ, சிஷ்யன் பேரையே அதுக்கு வெச்சுட்டார். நமக்கெல்லாம் புராஜெக்ட் ரிப்போர்ட்ல கைடு பேருதான் முதல்ல வரும். அந்தக் காலத்து கைடுங்க தங்கம்!

பெரும்பாலும் அஞ்சு, ஆறு, ஏழு வயசு வாக்குல ஆரம்பிக்கும். பத்துல இருந்து பன்னெண்டு வயசுல உச்சத்துக்குப் போகும். டீன் ஏஜ் முடியுறப்போ நிறைய பேருக்குக் குறைஞ்சிடும், சிலருக்கு மறைஞ்சே போயிடும். பள்ளி வயசுப் பசங்கள்ல ஆயிரத்துக்கு 3-ல இருந்து 8 பேர் வரைக்கும் டூரெட் இருக்கலாம்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அதாவது, ரெண்டாயிரம் பேர் படிச்ச உங்க ஸ்கூல்ல என்னை மாதிரி சில பேர் இருந்திருப்பாங்க. நீங்கதான் 'மேனரிசம்'னு நினைச்சிருப்பீங்க.

மூளைக்குள்ள என்ன நடக்குது? என் டிபார்ட்மென்ட் பாஷையில சொல்றேன். மூளையோட உள்பகுதியில 'பேசல் கேங்லியா'ன்னு ஒரு ஏரியா. எந்த அசைவை உள்ளே விடணும், எதைத் தடுக்கணும்னு பாக்குற கேட் மாதிரி அது. எல்லாருக்கும் வேண்டாத சிக்னல் வந்துக்கிட்டேதான் இருக்கும், கேட்ல நின்னுடும். எனக்கு அந்த கேட் கொஞ்சம் லீக்கேஜ். டோபமைன்கிற ரசாயனத்துக்கும் இதுல பங்கு இருக்குன்னு நினைக்கிறாங்க. குடும்பத்துல யாருக்காவது இருந்தா வர்ற வாய்ப்பு கூடும். நிறைய பேருக்கு இதோட ஏ.டி.எச்.டி., ஓ.சி.டி. மாதிரி பார்ட்னர்களும் கூடவே வருவாங்க.

முக்கியமான ஒண்ணு. 'டூரெட்னா கண்டபடி கெட்ட வார்த்தை பேசுற வியாதிதானே?'ன்னு கேப்பீங்க. சினிமா பண்ணின வேலை அது. அந்த மாதிரி தானா கெட்ட வார்த்தை வர்றது டூரெட் உள்ளவங்கள்ல பத்துல ஒருத்தர், ரெண்டு பேருக்குத்தான். நான் கெட்ட வார்த்தை பேசினா, அது கிரிக்கெட் மேட்ச் சம்பந்தப்பட்டது. நோய் மேல பழி போட மாட்டேன்.

ரசம் மட்டும் நல்லா இருந்துச்சு

ஏழு வயசுல கண் சிமிட்டல் ஆரம்பிச்சப்போ, 'டி.வி.க்குப் பக்கத்துல உக்காந்து பாக்குறான்'னு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. கண்ணு ஓகே. மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சதும் 'சைனஸ்'னு இ.என்.டி. டாக்டர். மூக்கும் ஓகே. செருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம், தூதுவளைத் துவையல், மிளகு ரசம். பாட்டி தன் பங்குக்கு உப்பு மிளகாய் சுத்தி அடுப்புல போட்டாங்க. பக்கத்துத் தெரு தாத்தா திருநீறு மந்திரிச்சுக் கொடுத்தார். பூச்சி மாத்திரை தனி டிராக். இத்தனையில ரசம் மட்டும் நல்லா இருந்துச்சு.

அப்பா கட்சி வேற. "வேணும்னே பண்றான். சொந்தக்காரங்க முன்னாடி ஒழுங்காத்தானே இருந்தான்? அப்போ முடியுதுல்ல?"

பன்னெண்டாவது வயசுல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட போனோம். அம்மா போன்ல எடுத்து வெச்சிருந்த வீடியோக்களைப் பொறுமையா பாத்தார். அப்புறம் சொன்னார்: "பையன் வேணும்னு பண்ணலை. நீங்க வளர்த்ததுலயும் தப்பு இல்லை. இதுக்கு டூரெட்னு பேரு. பெரியவனானா குறைய வாய்ப்பு அதிகம்." நாலே நாலு வரி. அம்மா அழுதாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. வர்ற வழியில வண்டியை நிறுத்தி எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். எங்க வீட்டுல 'ஸாரி'க்கு அதுதான் ஸ்பெல்லிங்.

அன்னைக்கு நைட்டு சாப்பாட்டுத் தட்டு முன்னாடி என் தோள் பத்து தடவை குலுங்கியிருக்கும். யாரும் எதுவும் சொல்லலை. அஞ்சு வருஷத்துல முதல் தடவையா நான் நிம்மதியா சாப்பிட்டேன்.

'கன்ட்ரோல் பண்ணலாம்ல?'

அப்பா கேட்ட கேள்வியைத்தான் இப்பவும் எல்லாரும் கேக்குறாங்க. வார்டன் கேப்பார், டிரெயினர் கேப்பார், பஸ்ல பக்கத்து சீட்டு மாமா கேப்பார். அதுக்கு நேர்மையான பதில்: முடியும். கொஞ்ச நேரம். ஆனா அதுக்கு பில் வரும்.

டிக் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒரு முட்டல் வரும். அரிப்பு மாதிரி, தும்மல் வர்றதுக்கு முந்தின செகண்ட் மாதிரி. டிக் பண்ணினா அது அடங்கும். அதனாலதான் இதை முழுக்க 'தானா நடக்குறது'ன்னும் சொல்ல முடியாது, 'வேணும்னு பண்றது'ன்னும் சொல்ல முடியாது. தும்மலைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியும்ங்கிறதுக்காக, தும்முறவன் எல்லாம் வேணும்னே தும்முறான்னு சொல்வோமா?

பில் எப்படி வரும்னா, ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் எக்ஸாம். ஹால் பின்-டிராப் சைலன்ஸ். நான் 'ம்க்கும்'. ரெண்டு நிமிஷம் கழிச்சு 'ம்க்கும், ம்க்கும்'. சூப்பர்வைசர் பக்கத்துல வந்து குனிஞ்சு, "என்ன தம்பி, யாருக்கு சிக்னல் குடுக்குற? ஒரு செருமல்னா ஆப்ஷன் ஏ-வா?"ன்னார். மேத்ஸ் பேப்பர்ல ஆப்ஷனே கிடையாதுங்கிறது வேற விஷயம்! அதுக்கப்புறம் மிச்சம் ரெண்டேகால் மணி நேரம் தொண்டையைப் பூட்டு போட்டு உக்காந்திருந்தேன். சத்தம் வரலை. ஆனா மூளையில பாதி பூட்டைக் காவல் காத்துக்கிட்டு இருந்துச்சு, மிச்சப் பாதிதான் இன்டகிரேஷன் போட்டுச்சு. தெரிஞ்ச கணக்கு ஒண்ணு பாதியில நின்னுபோச்சு. வெளியே வந்து டாய்லெட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு பத்து நிமிஷம் ஆடித் தீர்த்தேன். ரூமுக்கு வந்து செத்த பொணம் மாதிரி தூங்கினேன்.

அடக்கினா அப்புறம் ரெண்டு மடங்கா வெடிக்கும்னு சிலர் சொல்வாங்க. கொஞ்ச நேரம் அடக்க வெச்சு அளந்து பாத்த ஆராய்ச்சிகள்ல அப்படி ரெண்டு மடங்கா வந்ததா தெரியலை. எனக்கு நஷ்டம் அங்கே இல்லை. அடக்குற நேரத்துல கவனம் போகுது. கிளாஸ்ல நான் சத்தம் போடாம உக்காந்திருந்தா ஸாருக்கு சந்தோஷம். ஆனா அன்னைக்கு நான் பாடத்தையே கேட்டிருக்க மாட்டேன்.

அதனால அடுத்த செமஸ்டருக்கு முன்னாடி டாக்டர் லெட்டரோட ஹெச்.ஓ.டி. மேடம்கிட்ட போனேன். அவங்க எக்ஸாம் செல்லுக்கு எழுதிக் கொடுத்தாங்க. கடைசி வரிசை, சுவர் ஓரம். சூப்பர்வைசருக்கு முன்கூட்டியே தகவல். நடுவுல ரெண்டு தடவை வெளியே போயிட்டு வர அனுமதி. கேட்டது இவ்ளோதான். மார்க் 14 கூடுச்சு. நான் புத்திசாலி ஆயிடலை பாஸ், மூளையோட அந்த மிச்சப் பாதி திரும்பக் கிடைச்சுது!

எட்டு சிட்டிங், ஒரு நோட்டு

'அப்போ சும்மா விட்டுடணுமா?'ன்னா, தொந்தரவு இல்லைன்னா தாராளமா விட்டுடலாம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019-ல வெளியிட்ட வழிகாட்டியே, வாழ்க்கையைப் பாதிக்காத டிக்குன்னா கவனிச்சுக்கிட்டு இருந்தாலே போதும்னு சொல்லுது. பாதிச்சா? முதல்ல சிபாரிசு பண்றது ஒரு பயிற்சியை. பேரு சி.பி.ஐ.டி. இதோட ஆணிவேர், 1973-ல அஸ்ரின், நன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க கண்டுபிடிச்ச 'ஹேபிட் ரிவர்ஸல்'.

ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட நான் எட்டு சிட்டிங் போனேன். பாதி நேர்ல, பாதி வீடியோ கால்ல. நடந்தது இதுதான்:

முதல் வேலை, வேவு பாக்குறது. ஒரு நோட்டுப் போட்டு எந்த டிக் எப்போ வருது, வர்றதுக்கு முன்னாடி எங்கே முட்டுதுன்னு எழுதணும். தோள் குலுங்குறதுக்கு முன்னாடி என் கழுத்து எலும்புக்குக் கீழே ஒரு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்னு எனக்கே அப்போதான் தெரிஞ்சுது.

ரெண்டாவது, எதிர் அசைவு. முட்டல் வந்ததும், அந்த டிக்கைப் பண்ண முடியாத மாதிரி வேற ஒரு சின்ன அசைவை, ஒரு நிமிஷமோ முட்டல் அடங்குற வரைக்குமோ பிடிச்சிருக்கணும். தோளுக்கு, முழங்கையை விலாவோட லேசா அழுத்தி வெச்சுக்குவேன். செருமலுக்கு, வாயை மூடி மூக்கு வழியா மெதுவா மூச்சு. கழுத்துக்கு, தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து நேரா பாக்குறது. பக்கத்துல இருக்கிறவனுக்கே தெரியாது.

'இதுவும் அடக்குறதுதானே?'ன்னு நானும் கேட்டேன். இல்லையாம். அடக்குறதுன்னா எல்லாத்தையும் நாள் பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு பூட்டி வெக்கிறது. இது, ஒரு நேரத்துல ஒரு டிக்கை மட்டும் எடுத்து, முட்டல் வந்தா டிக் வந்தே ஆகணும்ங்கிற கனெக்‌ஷனை லூஸாக்குறது. ஆரம்பத்துல கஷ்டம், பழகப் பழக சைக்கிள் ஓட்டுற மாதிரி ஆயிடும்.

மூணாவது, எது டிக்கைத் தூண்டுதுன்னு பாத்து சூழ்நிலையை மாத்துறது. எனக்கு தூக்கம் கெட்டா, எக்ஸாம் டென்ஷன்னா, ஏன் செம சந்தோஷமா இருந்தாக்கூட டிக் கூடும். அதைப் பத்திப் பேசினாலும் கூடும். (இதை டைப் பண்றப்போ தோள் குத்தாட்டம் போடுது!) கீபோர்டு வாசிக்கிறப்போ, சர்க்யூட் சால்டரிங் பண்றப்போ, மனசு ஒண்ணுல முழுகிட்டா குறையும். கூடவே மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்துறது.

பலன்? 2010-ல வெளியான அமெரிக்க ஆய்வுல 9-ல இருந்து 17 வயசு வரைக்கும் 126 பேர் கலந்துக்கிட்டாங்க. இந்தப் பயிற்சி எடுத்தவங்கள்ல 52.5 சதவிகிதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் ஆலோசனை மட்டும் கிடைச்சவங்கள்ல 18.5 சதவிகிதம். 2012-ல பெரியவங்ககிட்ட பண்ணின ஆய்வுல 38-க்கு 6. அதாவது, நல்லா வேலை செய்யுது, ஆனா எல்லாருக்கும் இல்லை, முழுசா ஒழிக்கிறதும் இல்லை. எனக்குக் கழுத்து வெட்டு பாதிக்கு மேல குறைஞ்சுது. கண்ணு மட்டும் 'நான் போக மாட்டேன்'னு உக்காந்திருக்கு.

மருந்தும் உண்டு. குளோனிடின், அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் மாதிரி சிலது. குறைக்கும், குணப்படுத்தாது. தூக்கக் கலக்கம், எடை கூடுறதுன்னு பக்க விளைவும் வரலாம். அதனால டாக்டர் சொல்லாம ஆரம்பிக்கிறதும் தப்பு, நிறுத்துறதும் தப்பு. ஃப்ரெண்டோட சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்குற வேலையே வேண்டாம்.

ஒரே ஒரு தடவை சொல்லிடு

மருந்து, பயிற்சி எல்லாத்தையும்விட என் டென்ஷனைக் குறைச்சது ஒரு பதினஞ்சு செகண்ட் டயலாக். "எனக்கு டூரெட்னு ஒரு நரம்புக் கண்டிஷன். அப்பப்போ தோள் குலுங்கும், சத்தம் வரும். வேணும்னு பண்றதில்லை. நீங்க கண்டுக்காம கன்டினியூ பண்ணுங்க." அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல முதல் நாள் மதுரைக்கார ரூம்மேட்கிட்ட சொன்னேன். "தூங்குற வரைக்கும் சவுண்டு விடுவேன்டா." அவன் யோசிக்கவே இல்லை. "நான் தூங்கின அப்புறம் விடுவேன் மச்சி, குறட்டை. ஷிஃப்ட் முறையில பாத்துக்கலாம்." மூணு வருஷமா அதே ரூம்.

மைக்ரோகன்ட்ரோலர் லேப் வைவாவுல எக்ஸ்டர்னல்கிட்ட சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "சரிப்பா, 8051-ல எத்தனை டைமர்?"னார். "ரெண்டு"ன்னேன், பின்னாடியே ஒரு 'ஹுக்'கும் வந்துச்சு. அவர் மூணுன்னு எடுத்துக்கலை. அடுத்த கேள்விக்குப் போயிட்டார். இதுவரைக்கும் எனக்குக் கிடைச்ச ரியாக்‌ஷன்ல பெஸ்ட் அதுதான்.

எல்லா இடத்துலயும் இப்படி அமையாது. ஒருத்தன் என் செருமலை ரெக்கார்டு பண்ணி ரிங்டோனா வெச்சான். அவன் போன் அடிக்கும், கேட்டதும் என் தொண்டை பதில் சொல்லும், கிளாஸே சிரிக்கும். கிளாஸ் ரெப் பொண்ணு நேரா போய், "அதை டெலீட் பண்ணு, இல்லைன்னா உன் குரல்ல நீ பாடின பாட்டை குரூப்ல போடுறேன்"னு சொன்னதும் ரிங்டோன் மாறிடுச்சு. பாடகி பில்லி ஐலிஷ் 2018-ல தனக்கு டூரெட் இருக்குன்னு வெளியே சொன்னாங்க. டிக் வர்றப்போ அதை காமெடின்னு நினைச்சு சிரிக்கிறவங்கதான் தன்னை அதிகம் நோகடிக்கிறாங்கன்னு 2022-ல ஒரு பேட்டியில சொன்னாங்க. உலக லெவல்ல பாடினாலும் அதே பிரச்சினைதான்போல.

சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க இஷ்டம். ஒளிச்சு வெக்கிற வேலை நாள் பூரா, சொல்ற வேலை பதினஞ்சு செகண்ட்ங்கிறது என் கணக்கு.

கூட இருக்கிறவங்களுக்கு அஞ்சு விஷயம்

1. உத்துப் பாக்காதீங்க. வலுக்கட்டாயமா வேற பக்கம் திரும்பிக்கவும் வேண்டாம். பேசிக்கிட்டு இருந்ததைத் தொடருங்க.

2. 'நிறுத்து', 'ரிலாக்ஸ்', 'இப்போ பண்ணலையே!' மூணும் வேண்டாம். ஞாபகப்படுத்தினாலே கூடும்.

3. மிமிக்ரி பண்ணாதீங்க. நான் என்னைக் கலாய்ச்சா சிரிங்க, அது என் லைசென்ஸ்.

4. அனுமதி இல்லாம வீடியோ எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட காட்ட எடுக்கிறது வேற, ஸ்டேட்டஸ் போட எடுக்கிறது வேற.

5. கேள்வி இருந்தா தனியா கேளுங்க. பதில் சொல்ல நாங்க ரெடி.

உங்களுக்கே டிக் இருக்குன்னா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில நரம்பியல் அல்லது மனநலப் பிரிவுல காட்டுங்க. டிக் வர்றப்போ எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்க, டாக்டர் முன்னாடி உக்காந்தா அது சாது ஆயிடும். இதுவரைக்கும் இல்லாம டீன் ஏஜ்லயோ இருபதுலயோ திடீர்னு பலமா ஆரம்பிச்சா, கூகுள் பாக்காம டாக்டரைப் பாருங்க. அது வேற வகையா இருக்கலாம், அதுக்கு சிகிச்சையும் வேற. 2020, 2021 கொரோனா காலத்துல பல நாடுகள்ல, முக்கியமா டீன் ஏஜ் பொண்ணுங்களுக்கு, இப்படித் திடீர் டிக் மாதிரி அசைவுகள் வந்ததை டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. அவங்களும் நடிக்கலை, அவங்களுக்கும் உதவி தேவைப்பட்டுச்சு. மனசு ரொம்ப சோர்ந்துபோனா 14416, அரசோட டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

இருபத்தி நாலு 'நோ'

எங்க காலேஜ் மாக் ஜி.டி.ல டிரெயினர் ஒருத்தர், "பாயின்ட்ஸ் சூப்பர். ஆனா அந்த சவுண்டை கன்ட்ரோல் பண்ணிட்டு வா, கார்ப்பரேட்டுக்கு ஒத்து வராது"ன்னார். அன்னைக்கு நைட்டு நான் பிராட் கோஹனைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அமெரிக்காக்காரர். டூரெட். டீச்சர் ஆகணும்னு ஏறி இறங்கினார். 24 ஸ்கூல் 'நோ' சொல்லிச்சு. அடுத்த ஸ்கூல் வேலை கொடுத்துச்சு. 1997-ல ஜார்ஜியா மாகாணத்துல புது ஆசிரியர்களுக்கான விருதை அவரே வாங்கினார். 2018-ல ராணி முகர்ஜி நடிச்ச 'ஹிச்கி' படத்துக்கு விதை அவர் கதைதான்.

கால்பந்து கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட். 2014 உலகக் கோப்பையில பெல்ஜியத்துக்கு எதிரா 15-க்குக் குறையாம பந்துகளைத் தடுத்தார். டீம் 2-1-னு தோத்துச்சு, ஊரெல்லாம் அவரைப் பத்திதான் பேச்சு. கனடாவுல டூரெட் உள்ள ஒரு சர்ஜனைப் பத்தி ஆலிவர் சாக்ஸ் எழுதியிருக்கார். ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி கையில இருக்கிறப்போ அவருக்கு டிக் வர்றதில்லையாம்.

இவங்களைச் சொல்றது 'டூரெட் இருந்தா ஜீனியஸ்'னு பில்டப் கொடுக்க இல்லை. நான் ஜீனியஸ் இல்லைங்கிறதுக்கு என் கிரேடு ஷீட்டே சாட்சி. எனக்குப் பிடிச்சது வேற ஒரு காட்சி. 2023 ஜூன், இங்கிலாந்து கிளாஸ்டன்பரி இசை விழா. லூயிஸ் கபால்டி மேடையில பாடிக்கிட்டு இருக்கார். முந்தின வருஷம்தான் தனக்கு டூரெட் இருக்கிறதைச் சொல்லியிருந்தார். கடைசிப் பாட்டுல குரல் போச்சு, டிக் பலமா வந்துச்சு, பாட முடியலை. கூட்டம் கத்தலை, போன்னு சொல்லலை. அவர் விட்ட இடத்துல இருந்து பாட்டை எடுத்து, அத்தனை பேரும் சேர்ந்து பாடி முடிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஓய்வு எடுத்துட்டு, 2025-ல அதே விழாவுக்குத் திரும்பி வந்து அதே பாட்டைப் பாடினார்.

எங்க ஹெச்.ஓ.டி., குறட்டை ரூம்மேட், கண்ணாடி தொடச்ச எக்ஸ்டர்னல், கிளாஸ் ரெப்... எல்லாரும் எனக்குப் பண்ணினது அதைத்தான். நான் சரியாகுற வரைக்கும் யாரும் காத்திருக்கலை. பாட்டை நிறுத்தவும் இல்லை.

அடுத்த செமஸ்டர் பிளேஸ்மென்ட். ஜி.டி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பதினஞ்சு செகண்ட் டயலாக்கைச் சொல்லப்போறேன். அப்புறம் என் பாயின்ட்டைப் பேசுவேன். நடுவுல 'ஹுக்' வரும். வரட்டும். 'நோ' சொன்னா எண்ண ஆரம்பிச்சுக்குவேன், 24 வரைக்கும் டைம் இருக்கு!

*அடுத்த வாரம்: ஒரே லேப் ரெக்கார்டை ஏழு பேர் எழுதுற அபூர்வக் கலை! அதுவரைக்கும்... டாட்டா!*